பாதிப் பூக்கொடி

புர்காவின் முதுகில் பூக்கொடி பாதியிலேயே நின்றிருந்தது. வலது தோளில் தொடங்கிக் கல் கல்லாக வந்து, நடு முதுகைத் தாண்டியதும், இடது தோளுக்குப் போகாமல் அப்படியே முடிந்துவிட்டது. நிஜாமுதீன் தன் கடை வெளிச்சத்தில் அதை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். பூந்தமல்லியில் பதினெட்டு வருடமாகப் புர்கா விற்கிறார். அவற்றில் அலங்காரக் கல் ஒட்டுவது மனைவி ஃபக்ருன்னிசா. ஒரு கல் கோணினாலே பிரித்து ஒட்டுகிறவள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்கு விரைந்தார்.

"இன்னா ஃபக்ரு, இந்தப் பக்கம் உட்டுட்டே?"

அவள் துணியை மேஜையில் விரித்துப் பார்த்தாள். "எந்தப் பக்கம்? முழுசாத்தானே கீது!"

அவர் அலமாரியிலிருந்து அவளுடைய ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தார்.

அவளுக்கு நரம்பைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தெரிந்து ஐந்து வருடம். மாதம் ஒரு தடவை டிரிப்பில் ஏறும் மருந்தால்தான் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். ஆனால் அதே மருந்து, அபூர்வமாகச் சிலருக்கு, மூளையில் ஒரு கிருமிக்கு இடம் கொடுத்துவிடுமாம். பேச்சில், பார்வையில் சின்ன மாற்றம் என்றாலும் ஓடி வாருங்கள், சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த டிரிப் நாளைக் காலை.

"கெளம்பு, ஆஸ்பத்திரிக்கு."

"திரும்பவுமா? நான் கொட்டாவி உட்டதுக்கே ஆட்டோ புடிச்ச ஆளாச்சே நீங்க!"

உண்மைதான். மூன்று தடவை பதறி ஓடி, மூன்று தடவையும் ஒன்றுமில்லை என்று திரும்பியிருந்தார்கள்.

"நாளைக்குப் போவத்தானே போறோம்?" அவள் குரல் இறங்கியது. "மருந்த நிறுத்திட்டாங்கன்னா? மறுபடி செவுரப் புடிச்சினு நடக்க என்னால ஆவாதுங்க."

அவர் வாசலுக்குப் போய், டிரிப் ஏற்றும் நர்ஸ் தாட்சாயிணிக்குப் போன் போட்டார். இந்தத் தடவையும் சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை.

"இப்பவே கூட்டினு வாங்க, பாய். ஸ்கேன் பாக்காம நாளைக்கு மருந்து ஏத்த மாட்டாங்க."

 ஆட்டோவில் அவர் டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நாற்காலியிலிருந்து எழுந்தவள் வலது பக்கமாகத் திரும்பித் தேடினாள்.

"எங்க போனீங்க? கூப்புடறாங்க பாருங்க."

அவர் எங்கும் போகவில்லை. ஃபைலை அணைத்துக்கொண்டு அவளுக்கு இடப்பக்கம், ஒரு சாண் தள்ளித்தான் நின்றிருந்தார்.

நாற்காலியைச் சுற்றி வலப்பக்கம் வந்தார். அவள் அவர் சட்டைக் கையை இறுகப் பிடித்தாள்.

"சொல்லிட்டுப் போவ மாட்டீங்களா?"

கதவு திறந்தது. உள்ளே, வாயைத் திறந்துகொண்டு வெள்ளையாக ஒரு குழாய் காத்திருந்தது.