நஞ்சுக்கொடியில் மிஞ்சிய ரத்தம்

ராயபுரத்து பிரசவ ஆஸ்பத்திரிக்கு வரும் மீனவப் பெண்களில் பலர் சோகை பிடித்து வெளுத்திருந்தார்கள். அவர்கள் பெறும் பிள்ளைகளும் ரத்தம் குறைந்துதான் பிறக்கின்றனவா? 1953-இல் டாக்டர் தேவப்பிரியம் இதை ஆராயத் தொடங்கினாள். குழந்தையைப் பிரித்தபின் தொப்புள்கொடியில் தங்கும் ரத்தத்தைச் சோதித்தால் போதும். ஆனால் யாரும் சம்மதிக்கவில்லை.

பிள்ளை ரத்தத்தை உறிஞ்சிக் கப்பலில் அனுப்புகிறார்கள் என்று குப்பமெங்கும் பேச்சு. மீன் விற்கும் வியாகுலம்மாள் அதை டாக்டரின் முகத்துக்கு நேராகவே கேட்டாள். நிறைமாத மருமகள் ஹில்டா அருகில் நின்றாள்.

"நீயுந்தான் வாயும் வயிறுமா கீற. ஒன் புள்ளைக்கு எடுப்பியா? நீ ஊருக்குப் போயி நிம்மதியா பெத்துக்குவ!"

தேவப்பிரியத்துக்குச் சுருக்கென்றது. பிரசவத்துக்குத் தாய்வீடு போக, திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள்.

"இங்கதான் பெத்துக்கப் போறேன், இதே வார்டுல. நீங்க பக்கத்துல நின்னு பாருங்க" என்றாள்.

மளிகை மண்டி வைத்திருந்த கணவன் ஞானதுரை அதிர்ந்துபோனான்.

"தலப்பிரசவம். ஒங்கம்மா வழி பாத்துக்கிட்டு இருக்காவளே!"

"நானே குடுக்கலன்னா அவிய எதுக்குக் குடுக்கணும்?"

அவன் மாலையில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வந்தான்.

வலி கண்டதும் தேவப்பிரியம் குப்பத்துக்கு ஆளனுப்பினாள். மீன்கூடையை வெளியே வைத்துவிட்டு வந்த வியாகுலம்மாளை நர்ஸ் தடுத்தாள்.

"அவங்கள உள்ள விடுங்க!" வலியோடு கத்தினாள் தேவப்பிரியம்.

பெண் குழந்தை. நர்ஸ் கொடியைக் கட்டி அறுத்தாள். குழந்தையைத் தொட்டிலில் கிடத்தியபிறகுதான், நஞ்சோடு இருந்த மறுமுனையின் கீழ் கண்ணாடிக் குழாயைப் பிடித்தாள். கருஞ்சிவப்பாய் ரத்தம் இறங்கியது.

"புள்ளதான் அங்க கீதே! அப்ப இது யாரு ரத்தம்?" என்று கேட்டாள் வியாகுலம்மாள்.

"அவளோடதுதான். கொடியில தங்கிப்போனது. நாம எடுக்கலன்னா நஞ்சோட சேந்து மண்ணுக்குத்தான் போவும்."

வியாகுலம்மாள் தொட்டிலருகே போய்க் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். அது வீறிட்டது.

"நல்லாத்தான் கத்துது" என்றாள். அதோடு விடவில்லை. குழாயின் பின்னாலேயே சோதனை அறை வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினாள்.

ஹில்டாவுக்குப் பிரசவமானபோது, "நேரா புடி, கீழ சிந்துது பாரு!" என்று நர்ஸையே அதட்டினாள். அதன்பிறகு மற்ற பெண்களும் மறுக்கவில்லை.

மாதங்கள் கழித்து முடிவு தெரிந்தது. தாய்மார் எவ்வளவு வெளுத்திருந்தாலும் பிள்ளைகளின் ரத்தம் பெரிதாகக் குறையவில்லை.

"அப்ப எங்க ஹில்டா மட்டும் ஏன் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குறா?" என்றாள் வியாகுலம்மாள்.

"இருந்ததப் பிள்ளைக்குக் குடுத்துட்டா. அவளுக்கு மிச்சமில்ல."

வியாகுலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னா குடுத்தா அவளுக்கு ஊறும்? அத்த சொல்லு."

தேவப்பிரியம் இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். இனி வயிற்றில் பிள்ளை தரித்ததுமே தாய்க்கு வைத்தியம் தொடங்கவேண்டும் என்று அன்றே தீர்மானித்து, அவளிடமும் சொன்னாள்.

அடுத்த வாரம், மசக்கையில் துவண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள் வியாகுலம்மாள்.

"டாக்டரம்மா, இவளுக்கு மொதல்ல பாரு. வரமாட்டேன்னு அடம் புடிச்சிகினு இருந்தா."