கார்வெல் கொக்குகளின் புதிய பருவம்

தொழிற்சாலையில் மதிய இடைவேளையின்போது ஒரு கையில் கறுப்புப் பாண் துண்டைப் பிடித்தபடி, மற்றக் கையிலிருந்த தொலைபேசியில் பழைய கொக்கு என்கிறவர் இணையத்தில் எழுதியதை வாசித்துக்கொண்டுவந்த மரியரட்ணம் ஒரு வரியில் நின்றுவிட்டார். அந்த வரியைத் திரும்பவும் வாசித்தார். தன்னுடைய ஆங்கிலம்தான் பிழைத்ததோ என்று அதை டேனிஷ் மொழிக்கு மாற்றிப் பார்த்தார். டேனிஷும் அதையேதான் சொன்னது. டென்மார்க் பையன் வசந்தத்தோடு விளையாட்டை விட்டுவிட்டுப் போனதிலிருந்து அணியில் அந்த இடம் காலியாகக் கிடந்தது, இனி லத்வியாவிலிருந்து வந்திருக்கிறவன் அதை நிரப்புவான் என்று எழுதியிருந்தது.

டென்மார்க் பையன் என்பது டெனிஸ்ரன். மரியரட்ணத்தின் ஒரே மகன். டென்மார்க்கில், ஹேர்னிங் நகரில் பிறந்து வளர்ந்த காலத்தில் ஒருவரும் அவனை அப்படிச் சொன்னதில்லை. பூர்வீகம் எங்கே என்றுதான் கேட்டார்கள். அந்தப் பெயர் கிடைப்பதற்கு அவன் அத்திலாந்திக்கைக் கடக்க வேண்டியிருந்தது. அவனைப் பற்றி யாரும் அப்படி எழுதும்போதெல்லாம் மரியரட்ணத்துக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வரும். அன்றைக்கு வரவில்லை.

கார்வெல் என்பது அமெரிக்காவின் அயோவாவில் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்னக் கல்லூரி. அதன் கூடைப்பந்து அணிக்குக் கொக்குகள் என்று பெயர். தொலைக்காட்சியில் காட்டுகிற பெரிய அணிகளோடு சேர்த்து எண்ணத்தக்கது அல்ல. ஆனாலும் அந்த ஊரில் சிலர் அந்த அணியிலேயே உயிரை வைத்திருந்தார்கள். அவர்கள் கூடிப் பேச இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. பழைய கொக்கு என்ற பெயரில் எழுதுகிறவர்தான் அங்கே பெரிய ஆள். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பயிற்சி நடக்கிற மண்டபத்தின் மேல் வரிசையில் போய் இருந்து பார்த்துவிட்டு வந்து எழுதுவார். எவனுக்கு முழங்கால் நோகிறது, எவன் பந்தை மற்றவனுக்குக் கொடுக்க மனமில்லாமல் வைத்திருக்கிறான், அடுத்த வருடத்துக்குப் பயிற்றுநர் யாரைக் கேட்டு எந்த ஊருக்குப் போயிருக்கிறார் என்று எல்லாம் எழுதுவார். வசந்தம் வந்துவிட்டால் அந்தப் பக்கம் கலியாணப் பேச்சு நடக்கிற வீடுபோல ஆகிவிடும். பையன் என்ன உயரம், தாய் தகப்பன் எப்படி, வேறு எந்தெந்தக் கல்லூரிகள் கேட்டிருக்கின்றன, ஓமென்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் மாறிவிடுவானா என்று விடிய விடிய ஆராய்வார்கள்.

மகன் அங்கே போன கையோடு மரியரட்ணமும் அந்தப் பக்கத்தில் சேர்ந்துவிட்டார். என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டபோது வேறொன்றும் தோன்றாமல் தன் ஊர்ப் பெயரை, மன்னார் என்று எழுதினார். அவர்கள் அதை ஒரு மனிதனின் பெயரென்று நினைத்துக்கொண்டார்கள். "மிஸ்டர் மன்னார், இந்தப் புதுப் பையனைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். அவர் காணொளியைத் தேடிப் பார்த்துவிட்டு, "நல்ல பிள்ளை. இடது கை பலமில்லை" என்று இரண்டு வரி எழுதுவார். அதற்கு மதிப்பு இருந்தது. தான் யாருடைய தகப்பன் என்று அவர் சொன்னதில்லை.

இடைவேளை முடிந்து எல்லாரும் எழும்பினார்கள். மரியரட்ணம் கடிக்காத பாணைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு யன்னல் சட்டங்கள் வந்து விழுகிற இடத்துக்குப் போய் நின்றார். கை வேலை செய்தது. மனம் கோடை காலத்துக்குப் போனது. இந்த முறை கோச் கோடையிலும் பயிற்சி வைக்கிறார், வர முடியாது என்று மகன் சொல்லியிருந்தான். அவனுக்கென்று வாங்கிக் குளிரூட்டியில் உறைய வைத்த நண்டு இன்னும் அங்கேதான் இருந்தது. பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பயிற்சி இப்படி, கோச் அப்படி, லத்வியாக்காரன் இப்படி என்று சொன்னானே. அதெல்லாம் என்ன?

முதலில் கோபம்தான் வந்தது. வேலை முடிந்து கார் ஓட்டிக்கொண்டு வரும்போது சொல்லப்போகிற வசனங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். என்னை என்ன மடையன் எண்டு நினைச்சியோ. சின்ன வயதில் அவனைப் பயிற்சிக்குக் கொண்டுபோன விளையாட்டு மண்டபம் வழியில் வந்தது. அதன் வாகனத் தரிப்பிடத்தில் எத்தனையோ மழையில் கண்ணாடி துடைப்பானைப் போட்டுக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்திருக்கிறார். அன்று அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போனார்.

வீட்டில் வந்து இருந்தபோதுதான் கோபத்துக்குக் கீழே இருந்தது தெரிந்தது. மனைவி விக்ரோரியா இருந்தவரைக்கும் அந்த வீட்டில் தகப்பனும் மகனும் நேருக்கு நேர் கதைக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அவள் வழியாகப் போய் அவள் வழியாகவே திரும்பி வரும். அவன் சாப்பிட்டானா, சப்பாத்து கடிக்கிறதா, பள்ளிக்கூடத்தில் யாரோடு கோபம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவருக்கும் மகனுக்கும் மிச்சமிருந்தது கார்ப் பயணமும் விளையாட்டும்தான். அவள் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தபோது அவனுக்குப் பதினேழு வயது. செத்த வீடு முடிந்து எல்லாரும் போன பிறகு இருவரும் மேசையின் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள். வெகுநேரம் கழித்து அவர், "வாற கிழமை விபோர்க் ரீமோட மட்ச் எல்லே?" என்று கேட்டார். அவன் ஓமென்றான். அன்றைக்குத் தொடங்கியதுதான். அதைத் தவிர வேறு வாசல் அவர்களுக்குத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் நீக்கிலாஸ் வந்து பக்கத்தில் நின்றான். ஒரே தொழிற்சாலையில் முன்பு வேலை செய்தவன்.

"அண்ணை, பருவம் தொடங்கப் போகுதெல்லே. மகன்ர ரீம் இந்த முறை எப்பிடி?"

மரியரட்ணம் கோப்பியை ஒரு வாய் குடித்தார். "போன முறையிலும் பார்க்க நல்லாயிருக்கும். நல்ல ஆக்களா எடுத்திருக்கினம். லத்வியாவில இருந்து ஒரு பொடியன் வந்திருக்கிறான். கான்சாஸில இருந்து ஒரு உயரமானவன்."

"அப்ப தம்பிக்கு இடம் கிடைக்குமோ?"

"அது கோச்சின்ர கையில."

நீக்கிலாஸ் தலையாட்டிவிட்டுப் போனான். பொய் இவ்வளவு சுலபமாக வருமென்று மரியரட்ணம் நினைத்திருக்கவில்லை. பொய்யென்றும் சொல்ல முடியாது, ஒவ்வொரு சொல்லும் உண்மைதான். அப்போதுதான் மகனும் தனக்கு இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று அவருக்கு உறைத்தது.

பின்னேரம் மகன் வழக்கம்போல் தொலைபேசி எடுத்தான். குரல் மட்டும்தான், படம் இல்லை. டேனிஷில் கதைத்தான். எல்லாம் நல்லபடி போகிறது, பயிற்சி கடுமையாக இருக்கிறது என்றான்.

"அந்த லத்வியாப் பொடியன் எப்பிடி?" என்று மரியரட்ணம் தமிழில் கேட்டார்.

"நல்லாப் போடுறான். உயரத்தில இருக்கிற ஆணியில தொப்பி கொழுவுற மாதிரிப் போடுறான்."

மரியரட்ணம் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தார். ஆணியில் தொப்பி கொழுவுவதுபோல என்பது பழைய கொக்கு வெள்ளிக்கிழமை எழுதிய வசனம். மொழி மட்டும் வேறு, சொல்லுக்குச் சொல் அதே வசனம். அவர் இன்னொன்று கேட்டார், கான்சாஸ் பையனின் தற்காப்பு எப்படி என்று. கால் பாரம், மனம் சுறுசுறுப்பு என்று பதில் வந்தது. அதுவும் அங்கே எழுதியிருந்ததுதான். இத்தனை மாதமாக அவனும் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். முன்பின் தெரியாத ஒரு பஸ் சாரதி எழுதியதை ஹேர்னிங்கில் ஒருவரும் அயோவாவில் ஒருவனும் பாடமாக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவருக்கொருவர் ஒப்புவித்திருக்கிறார்கள்.

கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. கேட்டால் இந்தக் கதை முடிந்துவிடும். முடிந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதற்காக எடுப்பான்? அதனால் அவர் பயிற்றுநரைப் பற்றிக் கேட்டார். முதல் ஆட்டம் எந்த ஊரோடு என்று கேட்டார். அன்றைக்கு அவர்கள் வழமையைவிட அதிகநேரம் கதைத்தார்கள். தொலைபேசியை வைத்த பிறகு வீடு முன்னரைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த நாள்களில் அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கோபம் போய் வேறொரு பயம் வந்திருந்தது. விளையாட்டை விட்டவன் பகலெல்லாம் என்ன செய்கிறான்? யாரோடு இருக்கிறான்? கல்லூரியையும் விட்டுவிட்டானா? லத்வியாக்காரனின் கை நீளம் அவருக்குத் தெரியும். சொந்த மகன் எந்த வீட்டில் நித்திரை கொள்கிறான் என்று தெரியாது. கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, குசினி மேசையில் இருந்து, அந்தப் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினார். எழுதி அழித்து, திரும்ப எழுதி, கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: "டென்மார்க் பையனை யாராவது கண்டீர்களா? சுகமாக இருக்கிறானா?"

அனுப்பிய பிறகுதான் யோசித்தார். மகன் இதை வாசிப்பான். மன்னார் என்ற பெயரில் அங்கே எழுதக்கூடியவர் உலகத்தில் யார் என்று அவனுக்குத் தெரியாதா?

மாலையில் பழைய கொக்கு பதில் எழுதியிருந்தார். "அவனைக் காண்கிறேன், மிஸ்டர் மன்னார். வியாழக்கிழமைகளில் நாங்கள் கிழவர்கள் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவோம். அவன் அங்கே சூப் ஊற்றுகிற வேலை செய்கிறான். எனக்கு எப்போதும் ஒரு அகப்பை கூடப் போடுவான். புதுப் பையன்கள் எப்படி விளையாடுகிறார்கள் என்று கேட்பான். கொஞ்சம் மெலிந்திருக்கிறான். சிரிப்பான். நல்ல பிள்ளை."

மெலிந்திருக்கிறான் என்ற சொல்லை மரியரட்ணம் பல தடவை வாசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. அவர் கோப்பையைக் கழுவி வைத்தார். கழுவிய கோப்பையை எடுத்துத் திரும்பக் கழுவினார். தானே எடுக்கலாமா என்று யோசித்தார். இதுவரை எடுத்ததில்லை. அங்கே என்ன நேரத்தில் என்ன வேலையோ என்று விட்டுவிடுவார். இனி எடுக்கமாட்டான் என்று முடிவாகிக் கதிரையில் இருந்தபோது அடித்தது.

"அப்பா."

தமிழில் தொடங்கினான். பாரமான கதையென்றால்தான் அவன் தமிழில் தொடங்குவான்.

"சொல்லு மகன்."

"மன்னார் நீங்கள்தானே?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"நீ அங்க போனதில இருந்து."

"அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியும்."

"எல்லாம் தெரியாது. அந்தாள் எழுதினதுதான் தெரியும்."

"எனக்குக் கால் கை ஒண்டும் உடையேல்லை, அப்பா. கோச் கலைக்கவும் இல்லை. ஒரு நாள் காலமை எழும்பினன், போக விருப்பமில்லை. அடுத்த நாளும் விருப்பமில்லை. அம்மா செத்த பிறகு எனக்கு விருப்பம் இருந்ததோ எண்டும் தெரியேல்லை." அவன் தமிழ்ச் சொற்களைத் தேடித் தேடி எடுத்து வைத்தான். "படிப்பை விடேல்லை. அது போகுது."

"விட்டது பிழையில்லை. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, தம்பி."

"சொன்னா, பிறகு நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது?"

குற்றம் சாட்டுகிற குரலாக இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்பதுபோல இருந்தது. மரியரட்ணம் வாயைத் திறந்தார். கதைக்க எவ்வளவோ இருக்கே என்று சொல்லத்தான் நினைத்தார். அந்த எவ்வளவில் ஒன்றுகூட நாக்கில் வரவில்லை. சாப்பிட்டியா என்று கேட்கலாம். அது விக்ரோரியாவின் கேள்வி, தன் வாயில் இரவல்போல இருக்கும். அவன் வைத்துவிடப் போகிறான் என்று பயந்து, கையில் அகப்பட்டதைக் கேட்டார்.

"நீ என்ன படிக்கிறாய்? எனக்கு இன்னும் வடிவாத் தெரியாது."

கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது. கல்லூரிக்குப் போய் மூன்றாவது வருடம். பெயரை அவன் எப்போதோ ஆங்கிலத்தில் சொல்லியிருந்தான், அவர் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

"மண்," என்றான் டெனிஸ்ரன்.

"என்னது?"

"மண்ணைப் பற்றித்தான். எந்த மண்ணில என்ன வளரும், ஏன் கெட்டுப் போகுது, எப்பிடித் திருத்துறது."

"மண்ணோ," என்றார் மரியரட்ணம். மண்ணைப் பற்றி மூன்று வருடம் படிக்க என்ன இருக்கிறதென்று அவருக்கு விளங்கவில்லை. "அங்கத்தைய மண் நல்லதோ?"

"பொறுங்கோ," என்றான் அவன். கதவு திறக்கிற சத்தம், படியில் இறங்குகிற சத்தம், பிறகு காற்று. தொலைபேசியில் படம் வந்தது. மாதக்கணக்கில் அவர் பார்க்காத முகம் ஒரு கணம் தெரிந்தது, தாடி வைத்திருந்தான், மெலிந்துதான் இருந்தான். அதற்குள் அவன் படத்தைத் திருப்பிவிட்டான். சோளம் வெட்டி முடிந்த ஒரு வெளி வானம்வரை கிடந்தது. அடிக்கட்டைகள் வரிசை வரிசையாக நின்றன. காலை வெயில் அவற்றில் சரிந்து விழுந்திருந்தது. அவன் குனிவது தெரிந்தது. ஒரு கை வந்து நிலத்தைக் கிண்டி ஒரு பிடியை அள்ளியது.

"பாருங்கோ."

மரியரட்ணம் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு யன்னலடிக்குப் போனார். கறுப்பு மண். மகன் அதை விரல்களால் மெதுவாக உடைத்தான். உள்ளே வெள்ளை நூல்போல வேர்கள் இருந்தன. அவன் கை விக்ரோரியாவின் கைபோல நீளமாக இருந்தது.

"ஈரமோ?" என்று கேட்டார்.

"ஓம். கிட்டக் காட்டுறன்."

அவன் கையை உயர்த்திக் கிட்டக் கொண்டுவந்தான். இன்னும் கிட்ட. படம் முழுவதும் கறுப்பானது. மரியரட்ணம் தொலைபேசியை முகத்தோடு வைத்துக்கொண்டு, காற்றின் சத்தத்தைக் கேட்டபடி, அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.