ஒரு மயிரிழை நீளம்

பெரிய மாப்பிள்ளைக்கு அரம் என்று பட்டப்பெயர். சின்ன மாப்பிள்ளைக்கு உலை. அக்காவைக் கட்டியவர் இரும்பைத் தேய்த்து உருவம் கொடுப்பார். தங்கையைக் கட்டியவர் அதைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிப் பதம் ஏற்றுவார். மாமனார் விட்டுப்போன துப்பாக்கிப் பட்டறை ஒன்று, சகலைகள் இரண்டு. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிற பார்வைக்கு அடுப்பே மூட்ட வேண்டாம், இரும்பு தானாகச் சிவக்கும்.

நேருக்கு நேர் பேச்சு கிடையாது. நடுமேசையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸிடம்தான் பேசுவார்கள்.

"ஏ வைஸே, போன தடவை ஸ்பிரிங்கைக் கருக்கித் தொலைச்சது யாருன்னு அந்த மனுஷன்கிட்ட கேளு."

"வைஸே, அரத்தை நேரா பிடிக்கத் தெரியாதவங்களுக்கு ஸ்பிரிங்கைப் பத்தி என்ன பேச்சுன்னு கேளு."

வைஸுக்கு மட்டும் உயிர் இருந்திருந்தால் இரண்டு பேரையும் தன் வாயில் வைத்து இறுக்கியிருக்கும்.

அரத்துக்கு ஒரு சந்தேகம். சந்தேகம் என்ன, வேதவாக்கு. தான் கொடுக்கும் ஒவ்வொரு உறுப்பையும், பதம் ஏற்றுவதற்கு முன்னால், உலை திருட்டுத்தனமாக ஒரு மயிரிழை தேய்த்துவிடுகிறான் என்பது அது. "தொட்டிருந்தா என் கை அழுகிப்போகட்டும்" என்று உலை வைஸின் தலையில் அடித்துச் சத்தியம் செய்வான். கை அழுகவில்லை, மேலும் கொழுத்தது. சரி, திருடுகிறவன் திருடிக்கொள்ளட்டும் என்று அரம் எந்த உறுப்பையும் ஒரு மயிரிழை நீளமாகவே விட்டுக் கொடுப்பார். இந்தப் பங்கீட்டில் பட்டறையின் பேர் நாலு ஊருக்குப் பரவியிருந்தது.

அப்போதுதான் மாமியார் ஒரு பழைய ரிவால்வரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். செத்துப்போன மாமனாரின் சொந்தச் சாமான். நோவா தன் கப்பலிலிருந்து இறங்கும்போது இடுப்பில் செருகியிருந்தது இதைத்தானோ என்று தோன்றும், அத்தனை பழசு. குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால், உள்ளே இருக்கும் விரல் போன்ற ஒரு சின்ன இரும்பு, தோட்டா உருளையைத் தள்ளித் திருப்பிக் குழலுக்கு நேரே நிறுத்த வேண்டும். அந்த விரல் தேய்ந்துபோனதால் உருளை பாதி வழியிலேயே களைத்து நின்றது.

"பட்டறை லைசென்ஸை என் பேருல வச்சுக்கிட்டு உங்க ரெண்டு பேரையும் மேய்க்க எனக்குத் தெம்பில்ல" என்றார் மாமியார். "புது விரல் போடுங்க. ஆளுக்குப் பாதி வேலை. எவர் பாதி தப்போ அவர் பட்டறையை விட்டு வெளியே. மத்தவர் பேருக்கு லைசென்ஸை மாத்திடறேன்."

"வைஸே, அந்த மனுஷனை மூட்டை கட்டச் சொல்லு" என்றார் அரம்.

"வைஸே, மூட்டை கட்டறதுக்குக் கயிறு நானே தர்றேன்னு சொல்லு" என்றான் உலை.

அரம் விரலைத் தேய்த்த தேய்ப்பில் வாசல் நாய்கள் பல் கூசி ஓடின. வழக்கம்போல ஒரு மயிரிழை நீளம் விட்டார். திருடன் பங்கு. உலையோ அதைக் கையில் வாங்கியதும் எதிரி என்ன கணக்குப் போட்டிருப்பான் என்று தானும் ஒரு கணக்குப் போட்டான். 'கிழவன் இந்தத் தடவை எங்கேயோ அடையாளம் வச்சிருப்பான். தொட்டேனோ, அத்தை முன்னாடி மானம் கப்பலேறும்.' வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் அந்த விரல்மேல் அரத்தை வைக்கவில்லை. அப்படியே காய்ச்சி, அப்படியே பதம் ஏற்றி, யோக்கியனாகத் திருப்பிக் கொடுத்தான்.

விரலைப் பொருத்தி மாமியார் குதிரையை இழுத்தார். முக்கால் தூரம் வந்தது, நின்றது. உருளை போய் இறுகிக்கொண்டு அசைய மறுத்தது.

"நீளம்" என்றார் மாமியார்.

"காய்ச்சினதுல வீங்கியிருக்கும் அத்தை" என்றார் அரம்.

"இரும்பு என்ன பல்வலிக்காரர் கன்னமா, வீங்கறதுக்கு? இத்தனை காலமா எல்லாம் கச்சிதமாத்தானே இருந்துது?"

அரம் வாயைத் திறந்து மூடினார். உண்மையைச் சொன்னால் இத்தனை காலக் கச்சிதமும் உலையின் கச்சிதமாகிவிடும். அந்த வாய் மூடியதைப் பார்த்த உலையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஆளைக் கடிக்கப்போகிற வெளிச்சம்.

"தப்பு என்னோடதுதான் அத்தை. ஒவ்வொரு தடவையும் பெரியவர் வேலையை நான்தான் ஒரு மயிரிழை தேய்ச்சு சரி பண்ணுவேன். இந்தத் தடவை பண்ணல. அதனால நான் கிளம்பறேன். லைசென்ஸை சகலை பேருக்கே மாத்திடுங்க. தனியா சந்தோஷமா இருக்கட்டும்."

ஏப்ரனை அவிழ்த்து வைஸின் கழுத்தில் மாட்டிவிட்டு, கல்யாண மாப்பிள்ளை நடை நடந்து வெளியே போனான்.

"சொன்னா சொன்னதுதான்" என்றார் மாமியார். "பட்டறை உங்களுக்கு. சாயங்காலத்துக்குள்ள இது சுத்தணும். சுத்தலைன்னா ரெண்டு பேருக்கும் கிடையாது, பூட்டிடுவேன்."

ஜெயித்துவிட்டார் அரம். விரலை வைஸில் கவ்வவைத்து அரத்தைப் போட்டார். அரம் கீச்சென்று வழுக்கியது. பதம் ஏறிக் கெட்டிப்பட்ட இரும்பு. கண்ணாடிமேல் இறகு போட்ட மாதிரி. புது அரம் எடுத்தார். அதன் பல்தான் போயிற்று. மறுபடி காய்ச்சி இளக்கினால்தான் அரம் பிடிக்கும். அடுப்பை ஊதிப் பார்த்தார். புருவம் பாதி கருகியது, இரும்பு சிவக்கவில்லை. மாமியார் பூட்டை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தார்.

அரம் தெருவுக்கு ஓடினார். உலை தையல்கடை வாசல் வரைக்கும்தான் போயிருந்தான். போகிற ஆள் அவ்வளவு மெதுவாகப் போகமாட்டான்.

"டேய்! திருட்டுப் பயலே! வாடா திரும்பி!"

எத்தனையோ காலத்துக்குப் பிறகு நேராக விழுந்த முதல் வார்த்தை. தெருவே வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பியது.

"யாரைக் கூப்பிடறீங்க?"

"உன்னைத்தான், நாசமாப் போறவனே. அதை இளக்கணும்."

"இளக்கிட்டு?"

"நான் தேய்ப்பேன்."

"தேய்ச்சிட்டு?"

அரத்தின் பற்கள் ஒன்றையொன்று அராவின. உலை கைகளைக் கட்டிக்கொண்டு, முகத்தில் எரிச்சலூட்டும் பணிவோடு நின்றான்.

"அப்புறம் ஒரு மயிரிழை நீ தேய்க்கணும்" என்றார் அரம், தரையைப் பார்த்து.

"சத்தமா சொல்லுங்க சகலை. தையல்காரருக்குக் கேக்கல."

அரம் மூச்சை இழுத்து, உன் குலம் விளங்காமல் போக என்று மனதுக்குள் வாழ்த்திவிட்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னார்.