இரண்டு மஞ்சள் மாத்திரைகள்

மருத்துவமனையில் அவளுக்கு 'மாத்திரை மேடம்' என்று பெயர். டாக்டர்களில் தொடங்கிப் படுக்கை விரிப்பு மாற்ற வருகிறவர்கள் வரை எல்லோருக்கும் அப்படித்தான். ஆறு வருடம் படித்து, அதில் ஒரு முழு வருடம் வார்டு வார்டாக அலைந்து பயிற்சி எடுத்து, முறைப்படி பதிவும் செய்துகொண்ட கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட். ஆனாலும் அவளுடைய மாமனார் அக்கம்பக்கத்தில், "மருமக மெடிக்கல் ஷாப்ல இருக்கா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருமுறை அவள் பொறுமையாக விளக்கிப் பார்த்தாள்.

"கடையில இல்ல மாமா. டாக்டர் எழுதுற மருந்து அந்த ஆளுக்கு ஒத்துக்குமா, அளவு சரியா, ஏற்கெனவே சாப்பிடுற மருந்தோட சண்டை போடுமான்னு பார்க்கிற வேலை."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ டாக்டருக்கு மாமியார் வேலைன்னு சொல்லு" என்றார்.

அதில் ஓரளவு உண்மை இருந்தது. டாக்டர்கள் வருவதற்கு முன்பே அவள் வார்டுக்குள் நுழைந்துவிடுவாள். யாருக்குச் சிறுநீரகம் சோர்ந்திருக்கிறது, யாருக்கு எந்த மருந்து ஆகாது, வீட்டில் என்னென்ன சாப்பிட்டார்கள் என்று ஒவ்வொரு படுக்கையாகக் கேட்டுக்கொண்டே போவாள். தன் கேள்விகளுக்கு யாராவது "தெரியலையே" என்று சொன்னால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. வீட்டுக்குப் போனாலும் அதே நினைப்பாக இருக்கும்.

அன்று காலை ஜன்னலோரப் படுக்கையில் புதிதாக ஒரு பெண் படுத்திருந்தாள். கடும் காய்ச்சல். உதடு வெடித்து, வாய் முழுக்கப் புண். கைகளில் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பயமுறுத்தும் அளவுக்குக் குறைந்திருந்தன. ஏதோ கடுமையான தொற்று என்று நினைத்து வார்டு டாக்டர் மருந்து தொடங்கியிருந்தார். வீட்டில் சாப்பிடும் மருந்து என்ற இடத்தில் 'மூட்டு வலிக்கு மாத்திரை' என்று மட்டும் இருந்தது.

மாத்திரை மேடம் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தாள். வீங்கிப் போயிருந்தாலும் அடையாளம் தெரிந்தது. தையல்காரம்மா. சில மாதங்களுக்கு முன் விரல் மூட்டுகள் வீங்கி, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று மூட்டு டாக்டரைப் பார்க்க வந்தவள். அன்று அவளை உட்கார வைத்து மருந்து சாப்பிடும் முறையைச் சொல்லிக் கொடுத்தது வேறு யாருமில்லை, இவள்தான்.

படுக்கையோரத் தாளை எடுத்து மறுபடி வாசித்தாள்.

அன்று கொடுத்தவை இரண்டும் மஞ்சள் மாத்திரைகள். ஒன்று மெத்தோட்ரெக்சேட். மூட்டு நோய்க்கு நல்ல மருந்து, ஆனால் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் எலும்புக்குள் ரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும், வாயும் குடலும் புண்ணாகிவிடும். மற்றது ஃபோலிக் ஆசிட் என்கிற சத்து மாத்திரை. அதை மற்ற நாட்களில் சாப்பிடலாம். நிறத்திலும் அளவிலும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். எது வாரத்துக்கு, எது தினத்துக்கு என்று தான் சரியாகச் சொன்னோமா? எண்ணிப் பார்த்தாள். அன்று வெளியே நீண்ட வரிசை. பேச்சின் நடுவில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து போன். அங்கிருந்த ஒரு நோயாளிக்கு நரம்பில் ஏற்றும் மருந்தின் அளவைக் கணக்கிட உடனே வரச் சொன்னார்கள். அவள் எழுந்து ஓடினாள். ஓடுவதற்கு முன் கடைசியாகத் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை.

படுக்கைக்கு அருகில் தையல்காரம்மாவின் கணவர் நின்றிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரிடம் கேட்டாள்.

"அண்ணா, இவங்க மூட்டு மாத்திரையை எப்படிச் சாப்பிடுறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் அவளே பார்த்துக்குவா. நான் தலையிட்டா கோவிச்சுக்குவா" என்றார் அவர். பிறகு மனைவியின் பக்கம் குனிந்து, "கேக்கறாங்க பாரு" என்றார்.

தையல்காரம்மா கண்ணைத் திறந்தாள். பேசுவதே வேதனையாக இருந்தது. "வாரத்துக்கு... ஒண்ணு" என்று குழறினாள்.

அந்த ஒரு நொடி மாத்திரை மேடத்துக்குத் தலையிலிருந்து பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம். அப்படியே நகர்ந்து அடுத்த படுக்கைக்குப் போய்விடலாம். ஆனால் கால் நகரவில்லை. வாரத்துக்கு ஒன்று சாப்பிடுகிறவளுக்கு இந்த வாய்ப்புண் எப்படி? தனக்கு வசதியான பதில் கிடைத்ததும் மனது எவ்வளவு சீக்கிரம் அதைப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கும்போது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

வார்டு டாக்டரைத் தேடிப் போனாள். அவர் மருந்து அறை வாசலில் நின்றுகொண்டே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஜன்னலோரப் படுக்கை. தொற்றும் இருக்கலாம். ஆனா அடியில இருக்கிறது மெத்தோட்ரெக்சேட்டா இருக்கும்னு தோணுது. தினமும் சாப்பிட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன்."

"அவங்க அப்படிச் சொன்னாங்களா?"

"இல்லைன்னுதான் சொல்றாங்க. ஆனா எனக்கு நம்பிக்கை இல்ல." "இன்னொண்ணு சார். அவங்களுக்கு அந்த மருந்தைச் சொல்லிக் கொடுத்தது நான்தான். நானே மாத்திச் சொல்லியிருக்கலாம்."

டாக்டர் தேநீரைக் கீழே வைத்தார்.

"அதை அப்புறம் பேசலாம். அதை முறிக்கிற மாற்று மருந்து கொடுக்கிறதா இருந்தா நேரம் கடத்தக் கூடாதில்ல?"

"கடத்தக் கூடாது சார். உறுதியாத் தெரியற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அந்த ஊசியால இவங்களுக்குப் பெரிய கெடுதல் ஒண்ணும் வராது."

"அப்போ அளவு சொல்லுங்க. நான் எழுதறேன். இப்போ ஓடற மருந்துகள்ல எதாவது நிறுத்தணுமா?"

ஒன்றை நிறுத்தச் சொன்னாள். அது மெத்தோட்ரெக்சேட்டை உடம்பிலேயே தங்க வைத்து நஞ்சைக் கூட்டும். சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து மற்றொன்றின் அளவைக் குறைத்தாள். ஆனால் மாற்று மருந்தான லூக்கோவோரின் ஊசி மருத்துவமனைக் கிடங்கில் இல்லை. அது புற்றுநோய்ப் பிரிவு உள்ள இடங்களில்தான் இருக்கும். தெரிந்த ஃபார்மசிஸ்ட்டுகளுக்கெல்லாம் ஒருவர் மாற்றி ஒருவராகப் போன் செய்தாள். கூடப் படித்த ஒருத்தி, "இருக்கு, ஆளை அனுப்பு. பெட்டியோட எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் போய் வாங்கி வருவதற்குள் அவள் வாசலுக்கும் வார்டுக்கும் நடந்த நடை கொஞ்சமல்ல. ஊசி ஏறத் தொடங்கியதும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

இனி அந்தக் கேள்வியைக் கேட்காமல் தப்பிக்க முடியாது. எவ்வளவு நாள், எவ்வளவு மருந்து உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் ஊசியை எத்தனை நாள் தொடர்வது என்று முடிவு செய்ய முடியும். வாய் கொப்பளிக்கும் மருந்து வாங்கி வரும்படி கணவரைக் கீழே அனுப்பினாள். நாற்காலியைப் படுக்கைக்கு அருகில் இழுத்துப் போட்டாள். போனை அணைத்தாள்.

"அக்கா, நான் யாருன்னு தெரியுதா?"

தலையசைப்பு.

"அன்னைக்கு உங்களுக்குச் சொல்லிட்டிருக்கும்போதே பாதியில ஓடினேன். நான் தப்பாச் சொல்லியிருந்தா அதையும் தயங்காம சொல்லுங்க. எனக்கு வேலை போனாலும் பரவாயில்ல. நீங்க தினமும் சாப்பிட்டீங்களா?"

தையல்காரம்மா வாசல் பக்கம் பார்த்தாள். கணவர் வரவில்லை என்று தெரிந்ததும் கண்ணோரம் நீர் வழிந்தது.

"நீங்க... சரியாத்தான் சொன்னீங்க" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். "வாரத்துக்கு ஒண்ணு. அப்படித்தான் சாப்பிட்டேன். விரல் நல்லா மடங்குச்சு. அப்புறம் பள்ளிக்கூடம் தொறக்கற நேரம். யூனிஃபார்ம் மலை மாதிரி வந்து குவிஞ்சுது. ராப்பகலா மிஷின்ல உக்காந்தேன். திரும்ப வலி. ஒண்ணுலயே இவ்வளவு கேக்குதே, தினம் போட்டா சீக்கிரம் கேக்கும்னு..."

"வீட்டுல தெரியாதா?"

"அவரு மிஷினை மூடிப் போடுன்னு சொல்லிட்டே இருக்காரு. தெரிஞ்சா, அப்பவே சொன்னேனேன்னு ஆரம்பிச்சிடுவாரு."

மாத்திரை மேடம் அவள் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள். கேட்கவே பயமாக இருந்த கேள்வி இன்னொன்று மிச்சம் இருந்தது.

"தினமும் சாப்பிட்டா என்ன ஆகும்னு உங்ககிட்ட சொன்னேனா?"

தையல்காரம்மா பொய் சொல்லி இவளைக் காப்பாற்றலாமா என்று யோசிப்பது போலிருந்தது.

"'ஏன்னா, தினமும்...' அப்படின்னு ஆரம்பிச்சீங்க. போன் வந்துச்சு. போயிட்டீங்க."

மாத்திரைகளை மாற்றிச் சொல்லவில்லை. தப்பித்தோம் என்று சொல்லவும் முடியவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை முடித்திருந்தால் இந்தப் படுக்கை இன்று காலியாக இருந்திருக்கலாம். அன்று மதியமே துறைத் தலைவியின் அறைக்குப் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தலைவி திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவரோ, "அன்னைக்கு உன்னை ஐசியூவுக்குக் கூப்பிட்டது நான்தான். உன் இடத்துல இன்னொருத்தரை உக்கார வெச்சிருக்கணும், எனக்கும் தோணல" என்று சொல்லிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். இனிமேல் மருந்து சொல்லிக் கொடுக்கிற அறைக்குள் போன் கூடாது, சொன்னதை நோயாளி திருப்பிச் சொன்ன பிறகுதான் அனுப்ப வேண்டும் என்று அன்றே முடிவானது.

அடுத்து வந்த நாட்களில் மாத்திரை மேடத்துக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் வந்ததும் முதலில் ஆய்வகத்துக்குத்தான் போவாள். வெள்ளை அணுக்கள் ஏறவில்லை. மறுநாள் இன்னும் இறங்கின. தையல்காரம்மாவைத் தனி அறைக்கு மாற்றினார்கள். ஒரு மாலை காய்ச்சல் எகிறி, ரத்த அழுத்தம் சரிந்து, வார்டே அல்லோலகல்லோலப்பட்டது. கணவர் நடைபாதையில் இவளை மறித்து, "பொழைச்சிடுவாளா, சொல்லுங்கம்மா" என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. "எல்லாம் சரியாத்தான் கொடுத்திட்டிருக்கோம் அண்ணா. உடம்பு எழுந்துக்கணும்" என்றாள்.

பிறகு ஒருநாள் காலை, ஆய்வகத்தில் இருந்தவர் இவளைக் கண்டதும் தாளை நீட்டினார். எண் கொஞ்சம்போல ஏறியிருந்தது. அவள் நம்பாமல், "வேற யாரோடதாவது மாறிப் போச்சா?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். அதற்கு மறுநாள் இன்னும் ஏறியது. வாய்ப்புண் ஆறத் தொடங்கி, தையல்காரம்மா முதல் முறையாகக் கஞ்சி குடித்தாள்.

உண்மையைக் கணவரிடம் அவளே சொன்னாள். சொல்லும்போது மாத்திரை மேடமும் கூட இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். அவர் கேட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். கத்தப் போகிறார் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

"என்கிட்ட சொல்றதுக்கு அவ்வளவு பயமா?" என்றார் கடைசியில்.

அவள் போர்வையின் ஓரத் தையலை விரலால் நீவினாள்.

"மிஷினை மூடுன்னு சொன்னது உன் விரலுக்காகத்தான். உனக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்னு நான் யோசிக்கல." மனைவியின் பக்கம் திரும்பினார். "பாதி யூனிஃபார்முக்குப் பட்டன் நானே வெச்சிட்டேன். கோணலாத்தான் இருக்கு. பசங்க கேட்டா, பஸ் டிரைவர் வெச்சதுன்னு சொல்லிக்கட்டும்."

தையல்காரம்மா சிரிக்க முயன்று, உதடு வலித்து முகம் சுளித்தாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் பழைய மூட்டு மருந்து நிறுத்தப்பட்டிருந்தது. வேறு மருந்து என்ன என்று மூட்டு டாக்டர் பின்னர் பார்த்துச் சொல்வார். மாத்திரை மேடம் இருவரையும் அறையில் உட்கார வைத்து, மீதியிருந்த மருந்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னாள். கணவர் எல்லாவற்றையும் ஒப்பித்தார். மனைவி ஒரு இடத்தில் திருத்தினாள். இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கதவைத் திறந்துவிட்டாள்.

அவர்கள் மாடிப்படியில் இறங்கிப் போனார்கள். எதையாவது சொல்லாமல் விட்டோமா என்று அவள் ஒருமுறை யோசித்தாள். பிறகு வரிசையில் காத்திருந்த அடுத்தவரை உள்ளே வரச் சொன்னாள்.