அலமாரிக்குள் போன பவர் சப்ளை

என் மாமனார் மொய்து எந்தப் புதுப்பொருளையும் லேசில் வெளியே எடுக்க மாட்டார். வீட்டில் புது மிக்ஸி இன்னும் அட்டைப்பெட்டிக்குள்தான் இருக்கிறது. பழையதுதான் தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு அரைக்கிறது. கொல்லங்கோட்டில் எங்கள் ஜவுளிக்கடையின் பில் கம்ப்யூட்டர்களையெல்லாம் இயக்க ஒரு சர்வர் வாங்க அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. சம்மதித்தவர் சும்மா சம்மதிக்கவில்லை.

“ஏவார நேரத்துல ஒருக்கா நின்னாலும் மெசினை வித்துப்போட்டுக் கையிலயே பில் எழுதுவோம். நீயும் ஊட்டுல இருந்துக்க, ஃபஸீலா.”

வீட்டில் இருப்பதா? எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அதனால்தான் இரண்டு பவர் சப்ளை உள்ள சர்வராகப் பார்த்து வாங்கினேன். இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும். ஒன்று செத்தால் மற்றது அந்த நொடியே முழுச் சுமையையும் எடுத்துக்கொள்ளும். பில் போடுகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. இதை மாமாவிடம் ஆற அமர விளக்கினேன். தலையை ஆட்டினார்.

ஓண விற்பனையில் கடை நிரம்பி வழிந்த ஒரு மத்தியானம், எல்லா கவுண்டரிலும் பில் நின்றுபோனது. மாடிப்படிக்குக் கீழே சர்வர் இருக்கும் இடத்துக்கு ஓடினேன். கருகிய வாசனை. பின்பக்கம் குனிந்து பார்த்தால், ஒரு பவர் சப்ளை கருகிப்போயிருந்தது, இன்னொன்று இருந்த இடத்தில் வெறும் பொந்து. முன்னால், ஒன்று குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கின் மேல் எங்கள் கடை விலைச்சீட்டை யாரோ ஒட்டியிருந்தார்கள்.

“பதறாத புள்ள” என்றபடி மாமா நிதானமாக வந்தார். கையில் துணி சுற்றிய பவர் சப்ளை. “நீ அம்மா ஊட்டுக்குப் போயிருந்தப்ப எடுத்து அலமாரியில வச்சேன். லைட்டு கண்ணக் குத்துச்சு, மூடிட்டேன். ரெண்டும் ஓடுனா ரெண்டும் தேஞ்சிரும்ல? ஸ்டெப்னிய யாராச்சும் ஓட்டுவாங்களா?”

“இது ஸ்டெப்னி இல்ல மாமா. ரெண்டு பேரு புடிச்ச பிரியாணி அண்டா. ஒருத்தரு கைய உட்டா இன்னொருத்தரு தாங்கணும். நீங்க அந்த ஆளக் கொண்டுபோயி அலமாரியில பூட்டிட்டீங்க.”

மாமா அதை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி மாட்டினேன். சர்வர் சாவகாசமாக விழித்துக்கொண்டிருந்தது. வரிசையின் முன்னால் நின்ற காளியாத்தாளுக்குப் பொறுமை போய்விட்டது. வருடா வருடம் குடும்பத்துக்கே எங்களிடம் துணி எடுப்பவர்.

“ஏனுங்க பாய், கையில எழுதியிருந்தா இந்நேரம் நான் நல்லேப்பிள்ளி போயிச் சேந்திருப்பனுங்க. சின்னப் புள்ளைய நம்பிக் கடைய உட்டா இப்படித்தானுங்க.”

அவ்வளவுதான், என் கதை முடிந்தது என்று நினைத்தேன். மாமா தொண்டையைச் செருமினார். தன் மேல் தப்பு என்று இதுவரை வீட்டில்கூடச் சொல்லாத மனிதர், வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“புள்ள மேல தப்பில்லீங்க. நல்லா ஓடிட்டு இருந்ததப் புடுங்கி வச்சது நானுங்க. அவ படிச்சுப் படிச்சுச் சொன்னா. நாந்தான் தலைய ஆட்டிட்டுக் கேக்கல.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காளியாத்தாள் சிரித்துவிட்டார். “எங்கூட்டுக்காரரும் இதே ரகந்தானுங்க.” அதற்குள் அவருடைய பில்லும் வந்துவிட்டது.

கூட்டம் குறைந்ததும் மாமா என் பக்கத்தில் வந்து நின்றார்.

“கருகுனதுக்குப் பதிலா வேற ஒண்ணு வரவழைக்கணும்ல? ரெண்டாச் சொல்லிரு.”

“ஒண்ணு போதும் மாமா.”

“ஒண்ணு மெசினுக்கு. இன்னொண்ணு அலமாரியில வைக்க. எனக்கும் தூக்கம் வரணுமில்ல?”

நான் மறுபேச்சுப் பேசாமல் இரண்டாகவே சொல்லிவிட்டேன்.