முதல் வாசகி

பத்தொன்பது வருஷம் ஒரு பொய்யைக் கட்டிக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமா? எழுத்தாளரின் மனைவி அதைச் செய்தாள். அவர் எழுதிய ஒரே நாவலை அவள் படித்ததில்லை. அதன் முதல் தாளில் ‘என் முதல் வாசகிக்கு’ என்று அவர் அச்சடித்து வைத்ததுதான் வினை.

படிக்கக் கூடாதென்று ஒன்றுமில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க நின்றபடியே ஈர விரிப்புகளைக் காயவைத்துத் தேய்க்கும் சூடான உருளைகளுக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் வருவதை இன்னொருத்தியோடு ஆளுக்கொரு முனை பிடித்து மடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, உலை வைத்து, பாத்திரம் கழுவிவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தால் பதினோராம் பக்கத்தில் கண் சொக்கிவிடும். மறுநாளும் அதே பதினொன்று. அங்கே ஒருத்தன் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறான். பாவம், இன்றுவரை அவனுக்கு யாரும் திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவர் ஆசையாகக் கேட்டபோது, “முடிச்சிட்டேன், பிரமாதம்” என்று சொல்லிவிட்டாள்.

இப்போது அது படமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு இருவரும் போனார்கள். யாராவது கதையைப் பற்றிக் கேட்டுத் தொலைத்தால் என்ன செய்வது என்று அவளுக்குக் கவலை. இருட்டில் குறட்டை வந்துவிடுமோ என்ற பயம் வேறு.

தூக்கம் வரவில்லை. திரையில் ஒருத்தி ஒவ்வொரு சாயங்காலமும் சமைத்து மூடி வைத்துவிட்டுப் புருஷனுக்காகக் காத்திருந்தாள். கடைசியில் ஒருநாள் அடுப்பை அணைத்தாள், சாவியைப் பூந்தொட்டிக்குக் கீழே வைத்தாள், ஒரே ஒரு பையோடு பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருந்த சலவைக்காரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் எழுத்தாளர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் அவள் மனம் நிறைந்து சொன்னாள்: “கடைசியில அவ கிளம்பிப் போறாளே, அத எவ்வளவு நல்லா எழுதியிருக்கீங்க!”

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“அத நான் எழுதல. படம் எடுத்தவங்க மாத்திட்டாங்க.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்தொன்பது வருஷம் ஒரே வாக்கியத்தில் போயிற்று. “நான் படிக்கலங்க” என்றாள், தரையைப் பார்த்து.

“தெரியும்.”

“எப்படி?”

“உனக்குக் குடுத்தேனே, அதுல பதினேழாம் பக்கத்துலருந்து முப்பத்திரண்டு வரைக்கும் வெறும் தாளு. அச்சகத்துல விட்டுட்டாங்க. நீ பிரமாதம்னு சொன்ன மறுநாள்தான் பார்த்தேன்.”

“ஏங்க, அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“நின்னு நின்னு உன் காலு வீங்கிக் கிடந்துச்சு. அப்பப் போய் என்னத்தச் சொல்றது?”

அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: “அப்போ உங்க புத்தகத்துல அவ என்ன பண்றா?”

“சமைச்சு வச்சிட்டு உக்காந்திருப்பா.”

“போகவே மாட்டாளா?”

“போவான்னு எனக்குத் தோணவே இல்ல.”

இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. பிறகு அவர் மெல்லக் கேட்டார்: “நீ எப்பயாவது நினைச்சிருக்கியா? போயிடலாம்னு?”

“நினைச்சிருக்கேன். வேலை முடிஞ்சு வர்றப்ப எத்தனையோ நாள்.” கொட்டாவி விட்டாள். “ஆனா பஸ்ல உக்காந்ததும் தூக்கம் வந்துடும்.”

சொல்லி வாய் மூடவில்லை, அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். இறங்கும் வரைக்கும் எழுத்தாளர் அவள் மடியிலிருந்த பையின் பிடியை விடவே இல்லை.