அளவு தப்பிய கவுன்

பள்ளி திறப்பதற்கு நான்கு நாள் இருக்கும்போது சிறையிலிருந்து பார்சல் வந்தது. பழுப்புத்தாளில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டி, பரிசோதித்தாயிற்று என்று முத்திரையும் குத்தியிருந்தார்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தவன், நின்ற இடத்திலேயே நூலை அறுத்தான். தாளில் கிரீஸ் ஒட்டுவதைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்து, ஓடிப்போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து பிரித்தான்.

உள்ளே இரண்டே உருப்படிகள். சின்னவனுக்குக் கட்டம்போட்ட அரைக்கைச் சட்டை. பெரியவளுக்கு வெள்ளைக் காலர் வைத்த மஞ்சள் கவுன், முதுகில் ஆறு பொத்தான். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "முதல் நாள் போட்டோவுக்கு. வாசலில் நிற்க வைத்து எடுங்கள். கண்ணில் வெயில் படாமல்."

அவன் மனைவி உள்ளே போய் இரண்டு வருடமாகிறது. பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மதியம், உதவிக்கு வரும் பெண் விடுப்பு. அடுத்த நடைக்கு நேரமாகிவிட்டதென்று, இறங்கிப் பின்னால் பார்க்காமலேயே வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள். அப்போதுதான் வேனிலிருந்து இறங்கிய முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தி, கீழே விழுந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கச் சக்கரத்தின் பின்னால் குனிந்திருந்தாள். ஆறு வயது. நீதிமன்றத்தில் மனைவி எதையும் மறுக்கவில்லை. "நான் இறங்கிப் பாக்கலை" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஆறு வருடம் தீர்ப்பானது. அவன் வீட்டையும் மாற்றி, பிள்ளைகளின் பள்ளியையும் மாற்றினான்.

முன்பெல்லாம் முதல் நாள் உடுப்பு அவளுடைய ராஜ்ஜியம். ஒரு வாரத்துக்கு முன்பே கட்டிலில் பரப்பி, இதுவா அதுவா என்று மாற்றி மாற்றி வைத்து வீட்டையே இரண்டாக்கிவிடுவாள். அவன் வாய் திறந்தால், "உங்களுக்கு நீலமும் கறுப்பும் ஒண்ணுதான், சும்மா இருங்க" என்பாள். போன வருடம் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. இந்த வருடம் சின்னவன் ஒன்றாம் வகுப்பில் சேருகிறான். சிறைத் தையல்கூடத்தில் தனக்கு வேலை என்பதால், உடுப்பைத் தானே தைத்து அனுப்புவதாக அவளே எழுதியிருந்தாள்.

சனிக்கிழமை அவனுடைய அக்கா வந்தாள். மருந்துக்கடையில் வேலை, வாரத்தில் பாதி நாள் இவர்கள் வீட்டில்தான். முதலில் சின்னவனுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அளவெடுத்துத் தைத்ததுபோல அப்படியே உட்கார்ந்தது.

"இந்தச் சட்டைக்கு மழை பூட்ஸ்தான் சரியா இருக்கும்" என்றான் சின்னவன்.

"ஆமா, குடையும் பிடிச்சிக்கோ, மாப்பிள்ளை மாதிரி இருப்பே" என்றாள் அத்தை.

பெரியவள் கவுனைத் தொடவே இல்லை. நீலச் சட்டையும் பேண்ட்டும் எடுத்து வைத்திருந்தாள். ஒன்பது வயது. அம்மாவைப்போலவே முடிவெடுத்துவிட்டால் அசையமாட்டாள்.

"நான் இதைப் போட மாட்டேன்."

"ஏம்மா?" என்றான்.

"யார் தச்சதுன்னு கேப்பாங்க."

"அம்மா தச்சாங்கன்னு சொல்லு."

"அம்மா எங்கேன்னு கேப்பாங்க. வெளியூர்ல வேலைன்னு சொல்லணும். எத்தனை தடவைப்பா அதையே சொல்றது?"

அக்காதான் பேரம் பேசி வழிக்குக் கொண்டுவந்தாள். போட்டோ எடுக்கும் ஐந்து நிமிடம் மட்டும் போட்டுக்கொள்ள வேண்டியது. எடுத்ததும் கழற்றிவிட்டு நீலச் சட்டையில் பள்ளிக்குப் போகலாம்.

ஆனால் கவுன் ஏறவில்லை. தலை நுழைந்தது, தோள் நுழையவில்லை. இழுத்து இறக்கியபோது இடுப்புக்கு வரவேண்டிய தையல் விலாவிலேயே நின்றது. முதுகில் ஒரு பொத்தானும் எட்டவில்லை. அக்கா அதைக் கழற்றி, உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிரித்துவிடத் தையலுக்குள் துணி விரலகலம்கூட இல்லை.

"பாவம், அவ உள்ள போனப்போ இவ இருந்த அளவுதான் அவ மனசுல நின்னிருக்கு" என்றான்.

அக்கா கவுனைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "அவ போனப்போகூட இவ இதைவிடப் பெருசாத்தானேடா இருந்தா?"

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஏதாவது பண்ணு அக்கா. அவ ஆசையா தச்சிருக்கா."

அக்கா கத்தரிக்கோலை எடுத்து முதுகுப் பக்கத்தை இடுப்புவரை வெட்டினாள். கைக்குழியையும் கொஞ்சம் நறுக்கினாள். பெரியவள் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி சுவரைப் பார்த்து நின்றாள்.

முதல் நாள் காலை வாசல் கதவில் முதுகை ஒட்டி நிற்கச் சொன்னார்கள். பின்னால் ஊக்குகள். "மூச்சை இழுத்து வச்சுக்கோ, ரெண்டே நிமிஷம்" என்றாள் அத்தை. சின்னவன் புதுச் சட்டையில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, மழை பூட்ஸோடு நின்றான். அதைக் கழற்ற வைக்க யாருக்கும் தெம்பு இல்லை. பெரியவள் சொன்னபடி சிரித்தாள். பல் தெரிந்தது. எடுத்து முடித்ததும் உள்ளே ஓடி, கவுனை உரித்துப் போட்டுவிட்டு நீலச் சட்டையை மாட்டிக்கொண்டாள். தோளில் ஊக்கு கீறி ஒரு சிவப்புக் கோடு. யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் குளிக்கும்போதுதான் அத்தை பார்த்தாள்.

படத்தை அச்சுப் போட்டுக்கொண்டு மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சிறைக்குப் போனான். பார்வையாளர் அறையில் தரையோடு பூட்டிய மேசைகள், நாற்காலிகள். காவலர் படத்தைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கம் விரலால் தடவிவிட்டுக் கொடுத்தார். எதிரே உட்கார்ந்த மனைவியின் விரல் நுனிகளில் ஊசி குத்திய தழும்புகள்.

படத்தை வாங்கியவள் முதலில் சின்னவனைப் பார்த்தாள். "பூட்ஸ் போட்டிருக்கான்" என்று சிரித்தாள். "சட்டை சரியா இருந்துச்சா?"

"அச்சு அசலா இருந்துச்சு. எப்படிக் கண்டுபிடிச்சே?"

"போன தடவை கூட்டிட்டு வந்தப்போ கட்டிப்பிடிச்சேன்ல."

பிறகு பெரியவளிடம் கண் போனது. சிரிப்பு நின்றுவிட்டது. வெகுநேரம் பார்த்தாள்.

"பின்னாடி வெட்டினீங்களா?"

"இல்லையே. கொஞ்சம் பிடிப்பா இருந்துச்சு, அவ்வளவுதான்."

"பொய் சொல்லாதீங்க. தையல் எங்க நிக்குதுன்னு தெரியுது. இது அவளுக்கு நுழைஞ்சே இருக்காது."

"சரி, வெட்டினோம். அதனால என்ன? ரெண்டு வருஷத்துல பிள்ளை வளர்ந்துட்டா. உனக்கு எப்படி அளவு தெரியும்?"

"அவளையும்தானே போன தடவை கட்டிப்பிடிச்சேன்." குரல் தணிந்தது. "அவ அளவு எனக்குத் தெரியும். துணியில அவ அளவுக்குத்தான் கோடு போட்டேன். வெட்டும்போது கை கோட்டைத் தாண்டி உள்ள போயிடுச்சு. மொத துணி வீணாச்சு. மறுபடியும் கெஞ்சி வாங்கி வெட்டினேன். மறுபடியும் அதே அளவு. மூணாவது தடவை துணி தரமாட்டேன்னுட்டாங்க."

"எந்த அளவு?"

அவள் மேசையின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, நடுவே ஓர் இடைவெளி விட்டுக் காட்டினாள். சிறிய இடைவெளி.

"வண்டிக்கு அடியில இருந்து நான்தானே எடுத்தேன். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் மடியில வச்சிருந்தேன். தோள் இவ்வளவுதான் இருந்துச்சு."

அவன் கையை நீட்டி அவள் கைகளை மூடப் பார்த்தான். பிள்ளைகளைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று காவலர் அங்கிருந்தே சொன்னார்.

"தச்சு முடிச்சப்புறம்தான் யாரோட அளவுன்னு உறைச்சது. அனுப்பாம இருந்திருக்கணும். அன்னைக்கே பார்சல் எடுத்துட்டுப் போயிட்டாங்க. சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அவளுக்கு நுழையாது, நீங்க தூக்கிப் போட்டுடுவீங்கன்னு நினைச்சேன்." படத்தைக் கவிழ்த்து அவன் பக்கம் தள்ளினாள். "அவ உடம்புல போய் அதை மாட்டி விட்டிருக்கீங்களே."

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுதான். உங்களை ஒண்ணும் சொல்லலை." கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது. "இதைக் கொண்டு போயிடுங்க. அவளுக்குப் பிடிச்சதைப் போட்டுக்கிட்டு வேற ஒண்ணு எடுத்துட்டு வாங்க. அந்தக் கவுன் வீட்ல இருக்க வேணாம்."

மணி அடித்ததும் எழுந்து போய்விட்டாள். படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தவன், இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏறினான்.

அக்காவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னான். கவுனை எரிக்க மனம் வரவில்லை. வேறு பிள்ளைக்குக் கொடுக்கவும் முடியாது. அக்கா, "குடு, நான் பாத்துக்கறேன்" என்று பையில் போட்டுக்கொண்டு போனாள். என்ன செய்தாள் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மறுநாள் மாலை பெரியவளிடம் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வரச் சொன்னான்.

"முதல் நாள் முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு! இப்ப எதுக்கு?"

"அம்மா கேட்டாங்க."

"அந்தப் போட்டோ அம்மாவுக்குப் பிடிக்கலையா?"

"கவுன் சின்னதாப் போச்சுன்னு வருத்தப்பட்டாங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையே. சிரிச்சேனே" என்றாள். உதடு துடித்தது. தான் சரியாகச் சிரிக்காததால்தான் என்று பிள்ளை நினைத்துவிட்டது அவனுக்குப் புரிந்தது. மண்டியிட்டு அவளைப் பிடித்துக்கொண்டான். "உன் மேல தப்பே இல்லடா கண்ணு. நீ நல்லாத்தான் சிரிச்சே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் நம்பினாளா என்பது தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கதவோரம் நின்றாள். இந்த முறை சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தான். மனைவி அதை ஒரு கையால் பிடித்துப் பார்த்தாள். மற்றக் கையின் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. தையல் வேண்டாமென்று எழுதிக் கொடுத்து, சமையல்கட்டுக்கு மாறிவிட்டதாகச் சொன்னாள். நாளெல்லாம் வெங்காயம் நறுக்குகிறாளாம்.

"உயரமாயிட்டா" என்றாள். பிறகு, "பள்ளிக்கூடத்துக்கு யார் கொண்டுபோய் விடறாங்க?" என்று கேட்டாள்.

"நான்தான். நடந்தே போறோம்."

"நடந்தே போங்க" என்றாள்.